குழந்தைக்கு எத்தனை யூனிட்?

மருந்து இலவசம், அளவை யார் சொல்லித் தருவது?

பத்து நாளாகப் பையன் "தண்ணீர், தண்ணீர்" என்று கேட்கிறான். இரவில் நாலு தடவை எழுந்திருக்கிறான். பாயை நனைப்பதை எப்போதோ விட்டவன், மறுபடியும் நனைக்கிறான். நன்றாகத்தான் சாப்பிடுகிறான். ஆனாலும் சட்டை தொளதொளவென்று தொங்குகிறது.

"வெயில்" என்கிறார் அப்பா. "வயிற்றில் பூச்சி" என்கிறாள் பாட்டி. "கண் பட்டுவிட்டது" என்கிறாள் பக்கத்து வீட்டு அம்மாள்.

ஒரு நாள் காலையில் வாந்தி. வயிற்று வலி. மூச்சு வாங்குகிறது. வாயில் கனிந்த பழம் போல ஒரு வாடை. தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "சர்க்கரை வியாதி" என்கிறார்.

"ஏழு வயதுப் பிள்ளைக்கா!"

ஆம், ஏழு வயதுப் பிள்ளைக்குத்தான். கைக்குழந்தைக்கும் வரும். திருவாரூரில் நடக்கும், மன்னார்குடியில் நடக்கும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு குக்கிராமத்திலும் நடக்கும். முதல் வகை நீரிழிவு பெரும்பாலும் இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது.

நேரத்தில் கொண்டுபோனால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். அதற்கு இன்சுலின் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் அதை இலவசமாகவே தருகிறார்கள். திருவாரூரிலேயே 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முன்போல எல்லாவற்றுக்கும் தஞ்சாவூருக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் சில நாள் கழித்து வீட்டுக்குப் புறப்படும்போது அம்மாவின் கையில் என்ன இருக்கிறது? ஒரு மருந்துப் புட்டி. சில சிரிஞ்சுகள். ஒரு சீட்டு. சீட்டில் ஒரு எண்.

அந்த எண் எப்படி வந்தது? எப்போது கூடும்? எப்போது குறையும்? தப்பினால் என்ன ஆகும்? இதெல்லாம் தெரியாமல் வீட்டுக்குப் போகும் அம்மாவுக்குக் கிடைத்தது பாதி மருந்துதான். மறு பாதி அளவறிவு. அதையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதை வார்டிலேயே கொடுக்க வேண்டும்.

பூட்டிய மதகு

காவிரிப் பாசனக்காரர்களுக்கு இந்த வியாதியை விளக்குவது சுலபம்.

வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது. மதகு பூட்டிக் கிடக்கிறது. பயிர் காய்கிறது. அவ்வளவுதான் வியாதி!

சோறு, இட்லி, பழம் எதைத் தின்றாலும் அது சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் வாய்க்கால். உடம்பில் உள்ள உயிரணுக்கள் வயல். மதகைத் திறக்கும் சாவி இன்சுலின். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம் அந்தச் சாவியைச் செய்து தருகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது? நோயை எதிர்த்து உடம்பைக் காக்க வேண்டிய காவல் சக்தியே ஆள் தெரியாமல் திரும்பி, இன்சுலின் செய்யும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. சாவி செய்ய ஆள் இல்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கி, சிறுநீரில் வழிகிறது. உடம்பு பசி தாங்காமல் தன் கொழுப்பையே எரிக்கிறது. அப்போது எழும் அமிலம்தான் அந்தப் பழ வாடை.

மிட்டாய் தின்றதால் வந்ததல்ல. அம்மா செய்த தப்பும் அல்ல. மருமகளைக் குற்றம் சொல்லும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பாட்டிக்கு இருக்கும் சர்க்கரை வியாதி வேறு. பாட்டி உடம்பில் இன்சுலின் இருக்கிறது. சரியாக வேலை செய்யவில்லை. அதனால் அவருக்கு மாத்திரை உதவும். பேரனுக்கு இன்சுலினே இல்லை. பாட்டியின் மாத்திரை அவனுக்குப் பயன்படாது. பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சானும் ஊசிக்கு ஈடாகாது. ஊசியை நிறுத்திவிட்டு இவற்றை நம்பினால் சில நாளில் பிள்ளை மறுபடியும் அதே கட்டிலில் கிடக்கும். அல்லது கட்டில் வரைக்கும்கூட வராது.

முதல் ஊசியிலேயே தகராறு

இந்த ஊசிக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

அதற்கு முன்னால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டினி வைத்தியம்தான். சோற்றை வெட்டி வெட்டி, எலும்பும் தோலுமாக வைத்து, சில மாதமோ ஓரிரு வருஷமோ உயிரை நீட்டினார்கள். பிறகு சாவு.

1922 ஜனவரி 11ஆம் தேதி கனடா நாட்டில் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அவனுடைய எடை 30 கிலோகூட இல்லை. மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த மருந்து அது. சுத்தமாக இல்லை. சர்க்கரை கொஞ்சம்தான் இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. நிறுத்திவிட்டார்கள்.

காலிப் என்ற ரசாயன அறிஞர் இரவு பகலாக உட்கார்ந்து மருந்தைச் சுத்தம் செய்தார். ஜனவரி 23ஆம் தேதி மறுபடியும் ஊசி. இந்தத் தடவை சர்க்கரை மளமளவென்று இறங்கியது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அதற்குப் பிறகு 13 ஆண்டு உயிரோடு இருந்தான்.

பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் மருந்தின் உரிமையைத் தலைக்கு ஒரே ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் 1923இல் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்து கிடைத்துவிட்டது. எவ்வளவு போடுவது? அதுதான் அடுத்த தலைவலி! ஒவ்வொரு முறை காய்ச்சிய மருந்தும் ஒவ்வொரு வீரியம். முயலுக்குப் போட்டுப் பார்த்து, அதன் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கிட்டு, "யூனிட்" என்ற அளவை உண்டாக்கினார்கள். இன்றைக்குச் சீட்டில் எழுதும் யூனிட் அந்த முயலிடமிருந்து வந்ததுதான்.

தமிழ்நாட்டிலும் இதற்குப் பழைய சரித்திரம் உண்டு. 1948இல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். பிறகு ராயபுரத்தில் நீரிழிவுக்காகவே ஒரு மருத்துவமனையை உண்டாக்கினார். வைத்தியம் இங்கே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது கிராமத்து அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

நிறுத்துப் பார்த்துத் தொடங்கும் கணக்கு

அமிலம் ஏறி, மூச்சு வாங்கி வந்த பிள்ளைக்கு முதலில் உப்பு நீர்தான் ஏற்றுவார்கள். ஒரு மணி நேரம் போன பிறகு இன்சுலினையும் நரம்பு வழியே துளித்துளியாக விடுவார்கள். எடையில் கிலோவுக்கு, மணிக்கு 0.05 முதல் 0.1 யூனிட். மெதுவாகத்தான் இறக்குவார்கள். இந்த நேரத்தில் குழந்தைகளுக்கு மூளை வீங்கும் ஆபத்து உண்டு. "ஏன் இன்னும் குறையவில்லை?" என்று நர்சோடு சண்டை போடும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பிள்ளை தெளிந்து இட்லி கேட்ட பிறகுதான் தோலுக்கு அடியில் போடும் ஊசி. அப்போது கணக்கு வேறு.

பருவத்துக்கு வராத பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக, கிலோவுக்கு அரை யூனிட் முதல் முக்கால் யூனிட் வரை தொடக்க அளவு. அமிலம் ஏறி வந்த பிள்ளைக்கும் பருவ வயதுப் பிள்ளைக்கும் முக்கால் முதல் ஒரு யூனிட் வரை. சிலருக்கு அதற்கும் மேல்.

20 கிலோ எடையுள்ள பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 10 முதல் 15 யூனிட். இதில் ஏறக்குறைய பாதி, நாள் முழுவதும் மெல்ல வேலை செய்யும் மருந்து. மீதியைப் பிரித்துச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது வேகமாக வேலை செய்யும் மருந்து.

இது தொடக்கம்தான். இங்கேதான் பல வீடுகளில் தவறு நடக்கிறது. சீட்டில் எழுதிய எண்ணைச் சாசனம் போல எடுத்துக்கொள்கிறார்கள். டாக்டர் எழுதியது முதல் நாள் கணக்கு. பிள்ளையின் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை அதைத் திருத்த வேண்டும். முதல் மாதத்தில் அளவு பல தடவை மாறினால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம் இல்லை. அவர் சரியாக வேலை செய்கிறார் என்று அர்த்தம்.

ஒரு யூனிட் என்றால் எவ்வளவு?

பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. ஏன்?

தினம் 60 யூனிட் போடும் பெரியவருக்கு ஒரு யூனிட் கூடிப்போனால் சர்க்கரை 25, 30 புள்ளி இறங்கும். அவருக்கு ஒன்றும் தெரியாது. வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினம் 12 யூனிட் போடும் பிள்ளைக்கு அதே ஒரு யூனிட் 125 முதல் 150 புள்ளி வரை இறக்கிவிடும்! 180இல் இருந்த பிள்ளை 50க்குக் கீழே போய்விடும். மயக்கம், வலிப்பு எல்லாம் வரலாம்.

பாட்டிக்கு ஒரு துளி. பேரனுக்கு ஒரு குடம்.

சாப்பாட்டுக் கணக்கும் இப்படித்தான். டாக்டர்கள் 500 என்ற எண்ணை நாள் அளவால் வகுப்பார்கள். 12 யூனிட் போடும் பிள்ளைக்கு 500ஐ 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய 40 வரும். அதாவது 40 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட். நடுத்தர இட்லி ஒன்றில் அதன் அளவைப் பொறுத்து 10 முதல் 15 கிராம் மாவுச்சத்து இருக்கும். ஆக, மூன்று இட்லிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். வடித்த சோறு 100 கிராமில் 28 கிராம் மாவுச்சத்து. கஞ்சி என்றாலும் சோறுதான். குடித்தால் கணக்கில் சேராது என்று நினைக்க வேண்டாம்.

இவை உதாரணக் கணக்குகள். காலைக்கு ஒரு விதம், இரவுக்கு ஒரு விதம், பிள்ளைக்குப் பிள்ளை ஒரு விதம். உங்கள் பிள்ளையின் கணக்கை டாக்டர்தான் போட்டுத் தர வேண்டும். ஆனால் அப்படி ஒரு கணக்கு உண்டு என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால் கேட்பாள் அல்லவா?

சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

இதைப் படிக்கும் எல்லோரும் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

இந்தியாவில் இன்சுலின் புட்டி பெரும்பாலும் 40 வீரியத்தில் வருகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட். பேனா ஊசியில் போடும் குப்பி 100 வீரியம். ஒரு மில்லியில் 100 யூனிட். 100 வீரியத்தில் புட்டிகளும் உண்டு.

சிரிஞ்சும் இரண்டு விதம். 40க்கு உரியது சிவப்பு மூடி. 100க்கு உரியது ஆரஞ்சு மூடி. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டால்?

40 மருந்தை 100 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். "மருந்து கேட்கவில்லை" என்று அழுவார்கள்.

100 மருந்தை 40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்! மேலே சொன்ன 20 கிலோ பையனுக்கு அது இரண்டு நாள் மருந்து. ஒரே ஊசியில்!

புட்டியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா? ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்க்க வேண்டும். எழுதப் படிக்க வராத அம்மாவாக இருந்தாலும் மூடியின் நிறத்தை அடையாளம் சொல்லிவிடலாம். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தைக் கண்டிப்பாகச் செலவிட வேண்டும் என்று எல்லா வார்டிலும் எழுதி ஒட்டலாம்.

ஏமாற்றும் மாதங்கள்

ஊசி தொடங்கிச் சில வாரத்தில் ஓர் அதிசயம் நடக்கும். பிள்ளை தேறிவிடும். கன்னம் உப்பும். சர்க்கரை இறங்கும். 12 யூனிட் 8 ஆகும், 6 ஆகும். சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று யூனிட்டே போதும் என்று வரும்.

"குணமாகிவிட்டது!" குலதெய்வத்துக்குப் பொங்கல். எந்த வைத்தியர் அந்த வாரம் என்ன கொடுத்தாரோ அவருக்குப் பெயர்.

குணமாகவில்லை. அழியாமல் மிஞ்சியிருந்த கொஞ்ச உயிரணுக்கள், ஊசி கொடுத்த ஓய்வில் கொஞ்ச காலம் வேலை செய்கின்றன. டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில வாரமும் இருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலும் இருக்கும். பிறகு முடிந்துவிடும்.

இந்த மாதங்களில் அளவைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடும். ஆனால் ஊசியை அடியோடு நிறுத்தக் கூடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வீட்டுக்குப் புறப்படும் முன்பே சொல்லப்பட்டிருந்தால், ஊசியை நிறுத்தச் சொல்லும் போலி வைத்தியர்களின் கடையில் பாதி மூடியிருக்கும்.

இதற்கு எதிர்த் தவறும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல். சாப்பிடவில்லை. "சாப்பிடாத பிள்ளைக்கு எதற்கு ஊசி?" என்று நிறுத்திவிடுவார்கள். காய்ச்சலில் உடம்புக்கு இன்சுலின் அதிகம் தேவைப்படலாம். அளவை மாற்றலாம், நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாழ்ந்துவிட்டால் என்ன செய்வது? 70க்குக் கீழே போனாலோ, பிள்ளை வியர்த்து, நடுங்கி, வெளிறிப் போனாலோ, கொஞ்சமும் தாமதிக்காமல் சர்க்கரை கொடுக்க வேண்டும். பெரிய பிள்ளைக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கலாம். சிறு பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் போய்விடும். 108க்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

கஜா அடித்த இரவும் மண்பானையும்

அளவு சரியாக இருந்தும் மருந்து கெட்டுப்போயிருந்தால் எல்லாம் வீண்.

பிரிக்காத புட்டியைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். பனிக்கட்டி உறையும் மேல் தட்டில் வைத்தால் உறைந்து கெட்டுவிடும். பிரித்த புட்டியை நான்கு வாரத்தில் தள்ளிவிட வேண்டும்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீடு? மின்சாரமே இல்லாத ஊர்? 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தது. முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களில் பல நாள் விளக்கு எரியவில்லை. குளிர்ப்பெட்டி இருந்த வீட்டிலும் அது வெறும் அலமாரிதான்.

அதற்கும் வழி இருக்கிறது. பெரிய மண்பானையில் ஈர மணல். அதற்குள் சின்னப் பானை. அதற்குள் ஈரம் படாமல் டப்பாவில் மூடிய மருந்து. வெளியே உள்ள சூட்டைவிட உள்ளே குளிர்ச்சி. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையில் சூடு ஏறி இறங்கினாலும் நான்கு வாரம் வரை இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று அதில் கண்டார்கள். ஆகையால் குளிர்ப்பெட்டி இல்லை என்பதற்காக எந்த ஏழைப் பிள்ளைக்கும் ஊசியை மறுக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் அடுப்பு மேடையிலும் மட்டும் வைக்காதீர்கள்.

கணக்கு வராத அம்மா யார்?

"கிராமத்து அம்மாக்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது. காலையில் இவ்வளவு, மாலையில் இவ்வளவு என்று ஒரே அளவாகக் கட்டிக் கொடுத்துவிடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. படித்தவர்களே சொல்கிறார்கள்.

அந்த முறையிலும் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது மேல். ஆனால் ஊசியை ஒரே அளவாக்கினால் சோற்றையும் ஒரே அளவாக்க வேண்டும். விளையாட்டையும் ஒரே அளவாக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை அப்படி இருக்குமா? ஆழித்தேர் ஓடும் நாளில் கமலாலயக் கரையில் ஓடி ஆடாமல் நிற்குமா?

கணக்கு வராது என்பதுதான் சரியில்லை. குருணி, பதக்கு என்று நெல் அளந்த வீடுகள் இவை. எத்தனை மா நிலத்துக்கு எவ்வளவு விதை நெல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பெண்கள் இவர்கள். மகளிர் குழுவில் வட்டிக் கணக்கு எழுதுகிறவர்களும் இவர்களே. மேட்டூர் அணை வழக்கம்போல ஜூன் 12இல் திறக்காவிட்டால் குறுவையை எத்தனை நாள் தள்ளலாம் என்று கணக்குப் போடும் குடும்பத்துக்கு, மூன்று இட்லிக்கு ஒரு யூனிட் என்பதா புரியாது? சொல்லித் தருவதற்கு ஆள் இல்லை. அதுதான் உண்மை.

பக்கத்து மாநிலமான கேரளத்தைப் பாருங்கள். அங்கே இந்தப் பிள்ளைகளுக்கென்றே "மிட்டாயி" என்று ஒரு திட்டம் வைத்தார்கள். சர்க்கரை வியாதித் திட்டத்துக்கு மிட்டாய் என்று பெயர்! மருந்தோடு சோதனைக் கருவியும் பெற்றோருக்குப் பயிற்சியும் அதில் சேர்ந்து வந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2022இல் முதல் வகை நீரிழிவுக்கென்று தனி வழிகாட்டு நூல் வெளியிட்டது. எப்படிச் செய்வது என்று தெரியாமல் யாரும் நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலும் அரசு மனம் வைத்தால் முடியும். 2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போலவே, புதிதாக ஊசி தொடங்கிய பிள்ளையின் வீட்டுக்கு முதல் மாதத்தில் வாரம் ஒரு தடவை ஒருவர் போகலாம். மூடி சிவப்பா ஆரஞ்சா? ஊசி ஒரே இடத்தில் போட்டுக் கட்டி விழுந்திருக்கிறதா? எண்ணை எழுதி வைத்திருக்கிறார்களா? இவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்டிரிப். ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது விரலில் குத்திப் பார்க்காமல் அளவைத் திருத்த முடியாது. மாதம் 120 ஸ்டிரிப். நடவுக் கூலியில் வாழும் வீடு அதைக் கடையில் வாங்க முடியுமா? வாங்க முடியாத வீட்டில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பார்ப்பார்கள். பிறகு பார்க்கவே மாட்டார்கள். இன்சுலினை இலவசமாகக் கொடுத்து ஸ்டிரிப்பைக் கொடுக்காமல் விடுவது, படியைப் பிடுங்கிக்கொண்டு நெல்லை அளந்து போடு என்று சொல்வது போல. பிள்ளைகளுக்காவது அதை மாதாமாதம் எண்ணிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு பரீட்சை. அம்மாவும் அப்பாவும் தங்கள் கையால், நர்ஸ் பார்க்க, மூன்று தடவை மருந்தை இழுத்துக் காட்ட வேண்டும். தெளிந்த மருந்து முதலில், கலங்கிய மருந்து பிறகு. கலங்கிய மருந்தைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்ட வேண்டும். சரியாகச் செய்த பிறகே சீட்டில் கையெழுத்து. ஒரு நாள் கூடுதலாகக் கட்டில் நிறைந்திருந்தால் குடி முழுகிவிடாது.

அப்பாவும் என்று சொன்னது வேண்டுமென்றேதான். பல வீடுகளில் ஊசி அம்மாவின் வேலை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளைக்கு ஊசி யார் போடுவது?

மறைத்துப் போடும் ஊசி

பெண் பிள்ளை என்றால் இன்னொரு சங்கடம். "ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கலியாணம் ஆகுமா?" என்று மறைக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஊசி. பள்ளிக்கூடத்தில் சொல்வதில்லை. அதனால் மதிய ஊசியே இல்லை. பருவ வயதில்தான் அளவு கிலோவுக்கு ஒரு யூனிட்டையும் தாண்டும். அந்த வயதில்தான் மறைத்து மறைத்து ஒரு வேளை ஊசி விட்டுப்போகிறது. கண்ணும் சிறுநீரகமும் கெடுவதற்கு அங்கேதான் விதை விழுகிறது. ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்ளும் பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கலியாணம் செய்துகொள்ளலாம், டாக்டரின் கண்காணிப்பில் பிள்ளையும் பெறலாம். மறைத்துக் கெடுப்பது வியாதியைவிடப் பெரிய கெடுதல்.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்வதில் பயப்பட ஒன்றும் இல்லை. 2017இல் மத்தியப் பள்ளிக் கல்வி வாரியம், இந்தப் பிள்ளைகள் பரீட்சை எழுதும் இடத்துக்குத் தின்பண்டம் கொண்டுபோகலாம் என்று அனுமதித்தது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், டாக்டர் சொன்னால் இடையில் சாப்பிடவும் விட வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது.

கடிதம் டெல்லியிலிருந்து புறப்பட்டது. குடவாசலிலும் நன்னிலத்திலும் உள்ள வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் அது போய்ச் சேர வேண்டும். கணக்குப் பாடத்துக்கு நடுவில் ஒரு பிள்ளை வியர்த்துப்போய்ப் பையைத் திறந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்தால், "வகுப்பில் என்னடா தீனி?" என்று அதைப் பிடுங்கி மேஜை மேல் வைத்துவிடக் கூடாது.